ஒரு வருடத்தில் 7,64,119 வண்டிகள்

2025 பிறந்த கையோடு ஹூண்டாய் மோட்டார் இந்தியா தன் முந்தைய வருடக் கணக்கை வெளியிட்டது. 2024-இல் மொத்தம் 7,64,119 வண்டிகள். உள்நாட்டுக்கு 6,05,433, வெளிநாட்டுக்கு 1,58,686. அதற்கு முந்தைய 2023-இல் மொத்தம் 7,65,786. இரண்டு வருடத்துக்கும் நடுவே வித்தியாசம் வெறும் 1,667 வண்டி. உள்நாட்டு விற்பனையில் இதுவரை இல்லாத உச்சம் என்று நிறுவனம் சொன்னது. மொத்தத்தில் வளர்ச்சியே இல்லை என்று சந்தையைக் கவனிப்பவர்கள் சொன்னார்கள். இரண்டு பேச்சும் சரிதான். ஒரே தாளில் இருக்கும் இரண்டு வரிகளை ஆளுக்கொன்றாகப் படித்தார்கள், அவ்வளவே.

இப்படிப்பட்ட கணக்கைச் சரியாகப் படிக்கத் தெரிந்த ஊர் ஒன்று உண்டென்றால் அது திருப்பூர்ப் பக்கம்தான் இருக்கும். திருப்பூரிலிருந்து அவினாசி போகும் சாலையில் உள்ள அனுப்பர்பாளையத்தை எடுத்துக்கொள்ளலாம். பனியன் நகரம் என்று உலகம் அறிந்த ஊரின் ஓரத்தில், பித்தளை, செம்பு, எவர்சில்வர் என்று பாத்திரம் செய்து பேர் வாங்கிய இடம். குடம், தவலை, அண்டா, குத்துவிளக்கு என்று இங்கே பட்டறைகளில் உருவானவை தமிழ்நாடு முழுக்கப் போயிருக்கின்றன. செய்த வேலைக்குத்தான் கூலி. சில வருடங்களுக்கு ஒருமுறை பாத்திர உற்பத்தியாளர்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் பேசுவார்கள், பேச்சு இழுத்தால் வேலை நிற்கும். பட்டறை வீட்டுப் பிள்ளைகளில் பலர் பிறகு பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். அங்கேயும் அதே கதை: எத்தனை பீஸ் வெட்டியது, எத்தனை பீஸ் தைத்தது, எத்தனை பீஸ் செக்கிங்கில் கழிந்தது, எத்தனை பீஸ் கப்பலேறியது. பட்டறையிலிருந்து வெளியே போன சரக்கு வேறு, கடையில் விற்றுத் தீர்ந்த சரக்கு வேறு என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கார் கம்பெனியின் வருடக் கணக்கும் இந்த இடத்தில்தான் பலரை ஏமாற்றுகிறது.

ஹூண்டாய் ஆகட்டும், மாருதி ஆகட்டும், மாதப் பிறப்பன்று வெளியிடும் எண்ணில் பெரும்பங்கு, தொழிற்சாலையிலிருந்து டீலருக்கு அனுப்பிய வண்டிகளின் எண்ணிக்கை. டிரெய்லரில் ஏற்றி பில் போட்டாயிற்று என்றால் கம்பெனிக் கணக்கில் அது விற்ற வண்டி. வாங்குகிறவர் ஷோரூமுக்குள் இன்னும் காலெடுத்து வைத்திருக்கவே மாட்டார். மறுபக்கம், டீலர்களின் கூட்டமைப்பான ஃபாடா ஒவ்வொரு மாதமும் வேறொரு கணக்கைத் தருகிறது. அரசின் வாகன் தளத்தில் பதிவான வண்டிகளை எண்ணிச் சொல்வது அது. அனுப்பர்பாளையத்துக்காரர் ஒருவர் வாங்கும் வண்டி திருப்பூர் வடக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் டிஎன் 39 என்று எண் வாங்கும் நாளில்தான் அந்தக் கணக்கில் ஏறும். அதிலும் ஓட்டை இருந்தது. தெலங்கானா மாநிலம் நீண்டகாலம் வாகன் தளத்தில் சேராததால் அங்கே விற்ற வண்டிகள் அந்த எண்ணிக்கைக்கு வெளியே நின்றன.

இரண்டு கணக்குக்கும் நடுவில் நிற்பவை டீலரின் யார்டில் வெயில் காயும் வண்டிகள். 2024-இல் இந்த இடைவெளி எவ்வளவு பெரிதாகும் என்று நாடே பார்த்தது. அந்த வருடம் செப்டம்பர் முடிவில் நாடு முழுவதும் டீலர்களிடம் தேங்கிய கார்கள் 7.9 லட்சம் என்றும், மதிப்பு ஏறக்குறைய 79,000 கோடி ரூபாய் என்றும் ஃபாடா சொன்னது. எல்லா கம்பெனி வண்டிகளும் சேர்த்த கணக்கு இது. விற்றுத் தீர 80 முதல் 85 நாள் ஆகும் அளவு சரக்கு. 21 நாளுக்கு மேல் ஸ்டாக் வேண்டாம் என்று டீலர்கள் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இந்த நிலை. ஒரு ஹூண்டாய் வருடத்துக்கு உள்நாட்டில் விற்பதாகச் சொல்லும் வண்டிகளைவிட அதிகமான வண்டிகள் யார்டுகளில் நின்றிருந்தன. அத்தனையும் டீலர் வங்கியில் கடன் வாங்கி எடுத்த சரக்கு, தினம் வட்டி ஓடும். கம்பெனியின் சாதனை வரியில் இந்த வட்டி தெரியாது.

வாங்குகிறவருக்கு இது எப்படித் தட்டுப்படும்? ஜனவரி மாதம் ஷோரூமில் நடக்கும் பேரத்தைக் கவனித்தால் போதும். விவரமான ஆள் பெயின்டையும் சீட்டையும் தடவிப் பார்ப்பதோடு நிறுத்த மாட்டார். கதவைத் திறந்து, வண்டி எந்த மாதம் எந்த வருடம் உற்பத்தியானது என்று தேடுவார். "ஏனுங்க, இது டிசம்பர் வண்டியா, ஜனவரி வண்டியாங்க?" என்பது கொங்குப் பக்கத்து ஷோரூம்களில் ஜனவரி பூராவும் கேட்கும் கேள்வி. ஹூண்டாயின் இந்திய வண்டி என்றால் 17 எழுத்து கொண்ட சேஸிஸ் எண் எம்ஏஎல் என்றே தொடங்கும். ஆர்சி புத்தகத்திலும் உற்பத்தி மாதமும் வருடமும் ஏறிவிடும். பின்னால் விற்கப் போகும்போது வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது அந்த வருடத்தைத்தான். பழைய வருட வண்டிக்குத் தள்ளுபடி எவ்வளவு என்று பேரம் அங்கே தொடங்குகிறது. வாங்குகிறவர் ஜனவரியில் பணம் கட்டி எடுக்கும் அந்த வண்டி, கம்பெனியின் புத்தகத்தில் போன வருடமே விற்றுவிட்டது. வண்டி வாங்கப் போகும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. டிசம்பரில் தள்ளுபடி ஏன் கொட்டுகிறது என்பதற்கு இதுவே பாதிப் பதில்.

இன்னொரு குழப்பம், வருடம் எந்த வருடம் என்பது. ஹூண்டாயின் கொரியத் தலைமையகம் ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணுகிறது. இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அதனால் 2023-24 நிதியாண்டுக்கு 7,77,876 என்றும், 2024-25-க்கு 7,62,052 என்றும் இன்னொரு ஜோடி எண் புழக்கத்தில் இருக்கிறது. யூடியூபில் கார் பேசுகிறவர்கள் இந்த நாலு எண்ணையும் கலந்து அடிப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

இந்த எண்கள் பிறக்கும் இடம் திருப்பெரும்புதூருக்குப் பக்கத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை மேல் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை. 1996 மே மாதம் நிறுவனம் பதிவானது. அதே வருடம் டிசம்பரில் அடிக்கல். 1998 செப்டம்பரில் சான்ட்ரோ சாலைக்கு வந்துவிட்டது. இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. வெறும் நிலத்தில் கட்டடம் எழுப்பி, இயந்திரம் பூட்டி, ஆள் எடுத்துப் பயிற்சி கொடுத்து, வண்டியும் விற்றாயிற்று. தமிழ்நாட்டில் அதற்கு முன் கார் செய்யவில்லையா என்றால், செய்தார்கள். சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி ஹெரால்டும் கஜெலும் செய்தது. மறைமலை நகரில் ஃபோர்டு வந்து இறங்கியிருந்தது. ஆனாலும் வெளிநாட்டுப் பெரிய கம்பெனி ஒன்று தன் சொந்தக் காசில், கூட்டாளி இல்லாமல், சின்னக் காரை நம்பி இவ்வளவு பெரிய தொழிற்சாலையில் இறங்கியது புதிது.

அந்த 1998-ஐ மறுபடி நினைத்துப் பார்க்க வேண்டும். டேவூவின் மாட்டிஸ் அதே வருடம் வந்தது. டாடாவின் இண்டிகாவும் வருடக் கடைசியில் அறிமுகமானது. மாருதி 800-ஐயும் ஸென்னையும் தவிர வேறு தெரியாத நடுத்தரக் குடும்பத்துக்கு ஒரே வருடத்தில் மூன்று புது முகங்கள். சான்ட்ரோ பார்க்க உயரமாக, நின்ற வாக்கில் இருந்தது. ஹூண்டாய் என்ற பேரை எப்படி உச்சரிப்பது என்றே பலருக்குத் தெரியாது. ஷாருக் கானை விளம்பரத்தில் வைத்துத்தான் அந்தப் பேரை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். தலை இடிக்காமல் ஏறி இறங்கலாம், ஏசி போட்டாலும் மேடேறும் என்று வாங்கியவர்கள் சொன்ன வார்த்தைதான் அதற்குப் பிறகு விற்றது. டேவூ கம்பெனியே சில வருடங்களில் நொடித்துப்போனது. சான்ட்ரோ 2014 முடிவு வரை ஓடியது. பிறகு 2018-இல் புது உருவத்தில் திரும்பி வந்து, 2022-இல் மறுபடி விடைபெற்றது.

வருட எண்ணிக்கையை நீளவாக்கில் அடுக்கிப் பார்த்தால், 2024-இன் 7.64 லட்சத்தைவிட ஆர்வம் தருகிற வருடம் ஒன்று இடையில் நிற்கிறது. அது 2009.

அந்த வருடம் ஹூண்டாய் இந்தியாவின் மொத்தம் 5,59,880. அதில் உள்நாடு 2,89,863. வெளிநாடு 2,70,017. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கிளம்பிய நூறு வண்டியில் 48 வண்டி சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிப் போயிருக்கிறது. அதற்குப் பிறகான பதினைந்து வருடக் கணக்கில் எந்த வருடமும் இந்த விகிதத்தை எட்டவில்லை. 2024-இல் அது நூற்றுக்கு 21-க்கும் கீழே.

உலகமே பொருளாதார நெருக்கடியில் முடங்கிய வருடத்தில் எப்படி ஏற்றுமதி இவ்வளவு ஏறியது? விடை ஐரோப்பாவில் இருக்கிறது. 2009-இல் ஜெர்மனி அரசு, ஒன்பது வருடத்துக்கு மேலான பழைய காரை உடைக்கப் போட்டுவிட்டுப் புதுக் கார் வாங்கினால் 2,500 யூரோ தருவதாக அறிவித்தது. அந்தத் திட்டத்துக்கு 500 கோடி யூரோ செலவழித்தது. மற்ற ஐரோப்பிய நாடுகளும் இதே மாதிரித் திட்டங்கள் போட்டன. 2,500 யூரோ என்பது பெரிய காருக்குச் சின்னத் தள்ளுபடி, சின்னக் காருக்குப் பெரிய தள்ளுபடி. அதனால் மக்கள் சின்னக் கார் தேடினார்கள். 2007-இல் வந்த ஐ10-உம், 2008 கடைசியில் வந்த ஐ20-உம் அப்போது இருங்காட்டுக்கோட்டையில் சூடாக இறங்கிக்கொண்டிருந்தன. 2008 பிப்ரவரியில் இரண்டாவது ஆலையும் திறந்தாயிற்று. பெர்லினில் போட்ட ஒரு உத்தரவு, காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமத்து இளைஞனுக்கு ஓவர்டைம் கொடுத்தது.

திட்டம் முடிந்ததும் அந்த அலையும் வடிந்தது. ஐரோப்பாவுக்கான ஐ20-இன் ஒரு பகுதி துருக்கியில் இருக்கும் ஹூண்டாய் ஆலைக்குப் போனது. அதே காலத்தில் இருங்காட்டுக்கோட்டையில் சங்க அங்கீகாரம் கேட்டும், வேலைநீக்கம் செய்யப்பட்டவர்களைத் திரும்ப எடுக்கச் சொல்லியும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். உலகக் கம்பெனிக்கு ஒரே மாதிரி வண்டியைச் செய்ய இரண்டு நாட்டில் ஆலை இருந்தால், பேரத்தில் யார் கை ஓங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

திருப்பூருக்கு இது நெருக்கமான கதை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, அவினாசி சாலையின் இரு பக்கமும் இருந்த ஏற்றுமதி நிறுவனங்களில் ஆர்டர்கள் நின்றன, பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் திரும்பின. தைப்பவர் கையில் குறை இல்லை, துணியில் குறை இல்லை, நேரத்தில் குறை இல்லை. வாங்குகிற நாட்டில் ஒரு கையெழுத்து மாறியது. 2009-இல் கார் ஆலைக்குக் கிடைத்தது வரவு, 2025-இல் பனியன் ஊருக்குக் கிடைத்தது அடி. கையெழுத்து போட்டது இரண்டிலும் வேறு ஊர்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, 2023-க்கும் 2024-க்கும் நடுவில் மொத்தம் ஏன் நகரவில்லை என்பது. தேவை குறைந்ததும் ஒரு காரணம், சரிதான். 2024-இன் பிற்பகுதியில் சந்தை மந்தமாக இருந்தது. ஆனால் அதைவிடக் கனமான காரணம் ஆலைக்குள்ளேயே இருந்தது. இருங்காட்டுக்கோட்டையின் இரண்டு ஆலைகளும் சேர்ந்து வருடத்துக்கு முழு மூச்சாகச் செய்யக்கூடியது 8,24,000 வண்டி. 7.65 லட்சம் என்பது அந்தக் கொள்ளளவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். வருடத்தின் எல்லா நாளையும் எண்ணினால்கூட நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,090 வண்டி வெளியே போனது. இதற்கு மேல் பிழிய இடமில்லை. முந்தைய வருடங்களைப் பார்த்தால் இது விளங்கும்: 2018-இல் 7,10,012. 2019-இல் 6,91,460. கொரோனா வருடமான 2020-இல் 5,22,542. அங்கிருந்து 2021-இல் 6,35,413, 2022-இல் 7,00,811, 2023-இல் 7,65,786 என்று படிப்படியாக ஏறி, ஏறி, கூரையில் தலை முட்டி நின்றது.

(2020 ஏப்ரல் மாதத்துக் கணக்கை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரடங்கில் அந்த மாதம் ஹூண்டாயின் உள்நாட்டு விற்பனை பூஜ்யம். ஏற்றுமதி 1,341. அவ்வளவு பெரிய ஆலைக்கு அப்படி ஒரு மாதம். வடமாநிலத் தொழிலாளர்கள் திருப்பூரிலிருந்து ஊருக்குப் போக வழி தெரியாமல் தவித்த நாட்கள் அவை.)

கூரையை உயர்த்தத்தான் ஹூண்டாய் மகாராஷ்டிரத்துக்குப் போனது. புனேவுக்குப் பக்கத்தில் தலேகாவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆலை சும்மா கிடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இல் இந்தியாவில் விற்பதை நிறுத்தி, 2020 முடிவில் உற்பத்தியையும் நிறுத்திய இடம். அதை வாங்க 2023-இல் ஒப்பந்தம் போட்டு, 2024 தொடக்கத்தில் கைக்குக் கொண்டுவந்தார்கள். முதல் கட்டமாக 1,70,000 வண்டி, பிறகு இன்னொரு 80,000. எல்லாம் சேர்ந்தால் ஹூண்டாயின் இந்தியக் கொள்ளளவு 10,74,000 ஆகும். தமிழ்நாட்டிலும் பணம் போடாமல் இல்லை. பத்து வருடத்தில் 20,000 கோடி ரூபாய் என்று 2023 மே மாதம் மாநில அரசோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2024 ஜனவரி முதலீட்டாளர் மாநாட்டில் மேலும் 6,180 கோடி சேர்ந்தது. இதில் மின்சார வண்டிக்கும் பேட்டரிக்கும் பெரிய பங்கு. கிரெட்டா எலெக்ட்ரிக் 2025 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது.

ஆலை நிரம்பினால் ஒரு பிரச்சினை. நிரம்பாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பதிலும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ஃபோர்டு 1990-களின் நடுவில் மஹிந்திராவோடு சேர்ந்து வந்து மறைமலை நகரில் கடை விரித்தது. 1999-இல் ஐகான், 2013-இல் ஈக்கோஸ்போர்ட். இரண்டும் பேர் சொல்லும் வண்டிகள். ஈக்கோஸ்போர்ட் வந்த புதிதில் மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்தவர்கள் கொங்கு நாட்டிலும் உண்டு. ஆனால் மறைமலை நகரும் குஜராத்தின் சனந்தும் சேர்ந்து செய்யக்கூடியதில் சிறு பங்கைத்தான் அவர்களால் விற்க முடிந்தது. பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று சொல்லி, 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். சுமார் 4,000 தொழிலாளர்களின் வேலை அதில் அடங்கியிருந்தது. 2022 கோடையோடு மறைமலை நகர் ஆலை அடங்கியது. 2024 செப்டம்பரில் அதே ஆலையை ஏற்றுமதிக்காக மறுபடி திறக்கும் விருப்பத்தைத் தமிழ்நாடு அரசிடம் எழுதிக் கொடுத்தார்கள். 2025 அக்டோபரில் அது 3,250 கோடி ரூபாயில் எஞ்சின் செய்யும் திட்டமாக உருவெடுத்தது. உற்பத்தி 2029-இல். வேலை போனவர்களுக்கு நடுவில் கழியும் வருடங்களை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. வருட விற்பனை எண்ணைப் பங்குச்சந்தைக்காரர்கள் மட்டும் படித்தால் போதாது என்று சொல்வதற்கு இந்த ஆலை ஒன்றே காரணம்.

எண்ணிக்கை காட்டாத இன்னொரு சங்கதி, அந்த எண்ணுக்குள் எந்த வண்டி இருக்கிறது என்பது. சான்ட்ரோவும் கிரெட்டாவும் கணக்கில் ஆளுக்கு ஒன்றுதான். விலையில் எட்டாத தூரம். 2024-இல் ஹூண்டாய் உள்நாட்டில் விற்ற வண்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு எஸ்யூவி. கிரெட்டா மட்டும் 1,86,919, அதாவது உள்நாட்டுக் கணக்கில் பத்துக்கு மூன்று வண்டி அது ஒன்றே. 2015 ஜூலையில் அறிமுகமான வண்டி பத்தாவது வருடத்தில் இவ்வளவு விற்பது சாதாரணம் இல்லை. இதன் மறுபக்கம், முதல் கார் வாங்க நினைக்கும் குடும்பம். பட்டறையில் பாலிஷ் போடுகிறவரோ, கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருப்பவரோ பைக்கிலிருந்து காருக்கு ஏறும் படிக்கல்லாக ஒரு காலத்தில் சான்ட்ரோவும் ஆல்டோவும் இருந்தன. சான்ட்ரோ இருந்த இடத்தில் இன்று எக்ஸ்டரும் ஐ10 நியாஸும் இருக்கின்றன. ஆன்ரோடு விலை கேட்டால் பலர் பழைய கார் கடைக்குத் திரும்பிவிடுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் காருக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனபோது சில பேர் திரும்பி வந்தார்கள். சின்னக் கார் செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. ஆசை சாகவில்லை, விலைதான் எட்டவில்லை.

உலகக் கணக்குக்கு வந்தால் எண்ணும் முறை இன்னும் முக்கியம். ஹூண்டாய் உலகில் மூன்றாம் இடம் என்று படிக்கிறோமே, அது ஹூண்டாய், கியா, ஜெனிசிஸ் மூன்றும் சேர்ந்த குழுமம். 2022-இல் 68.5 லட்சம் வண்டி விற்று டொயோட்டாவுக்கும் ஃபோக்ஸ்வாகனுக்கும் அடுத்த இடத்துக்கு வந்தது. 2023-இல் 73 லட்சம். 2024-இல் 72.3 லட்சம், அதில் ஹூண்டாய் 41.4 லட்சம், கியா 30.9 லட்சம். ஆந்திரத்தின் அனந்தபூர்ப் பக்கம் ஆலை வைத்திருக்கும் கியா, இந்தியாவில் கிரெட்டாவோடு செல்டோஸை மோதவிடுகிறது. சியோலில் இரண்டும் ஒரே பெட்டியில் விழுகின்றன. டொயோட்டாவின் 2024 கணக்கான 1.08 கோடியும் அப்படித்தான், டைஹாட்சுவும் ஹினோ லாரியும் சேர்த்தது. ஃபோக்ஸ்வாகனின் 90 லட்சத்தில் ஸ்கோடாவும் ஆடியும் உண்டு.

இந்தப் பெரிய கணக்கில் இருங்காட்டுக்கோட்டையின் பங்கு என்ன? 2018-இல் ஹூண்டாய் மோட்டார் கம்பெனியின் உலக விற்பனையில் இந்திய நிறுவனத்தின் பங்கு 15.5 சதவீதம். 2023-இல் 18 சதவீதம். உலகில் ஹூண்டாய் பேரில் விற்ற ஆறு வண்டியில் ஒன்றுக்கும் மேல், திருப்பெரும்புதூருக்குப் பக்கத்தில் பூட்டி முடித்தது. தமிழ்நாட்டுக்காரர் பெருமைப்பட வேண்டிய எண் எது என்று கேட்டால், தயங்காமல் இதைச் சொல்லலாம்.

இந்தப் பங்கு பெரிதாகிவந்த நேரத்தில்தான் 2024 அக்டோபரில் ஹூண்டாய் இந்தியா பங்குச்சந்தைக்கு வந்தது. 27,870 கோடி ரூபாய், அன்றைக்கு நாட்டின் மிகப் பெரிய பங்கு வெளியீடு. எல்ஐசியின் 2022 சாதனையைத் தாண்டியது. திரட்டிய பணம் முழுவதும் கொரியத் தாய் நிறுவனத்துக்குப் போனது, இருங்காட்டுக்கோட்டைக்கு அதில் ஒரு பைசா இல்லை. சிறு முதலீட்டாளர்களுக்கு ஒதுக்கிய பங்கில் பாதிக்குத்தான் விண்ணப்பம் வந்தது. 1,960 ரூபாய்க்குக் கொடுத்த பங்கு முதல் நாளே அதற்குக் கீழே தொடங்கியது. வருட விற்பனை கூரையில் முட்டி நிற்கிறது என்பதைச் சின்ன முதலீட்டாளரும் கவனித்திருக்கிறார் என்று நினைக்க இடமுண்டு.

அடுத்த வருடம் கஷ்டமானது. 2025 ஏப்ரலில் உள்நாட்டுக் கணக்கில் ஹூண்டாய் 44,374 வண்டியோடு நாலாம் இடத்துக்கு இறங்கியது. மஹிந்திரா 52,330 வண்டியோடு இரண்டாம் இடத்தைப் பிடித்தது, டாடாவும் முந்தியது. மாருதிக்கு அடுத்து யார் என்று கேட்டால் பல வருடமாக ஒரே பதில் சொல்லிப் பழகிய நாட்டில் இது பெரிய மாற்றம். ஸ்கார்ப்பியோவும் தாரும் எக்ஸ்யூவி 700-உம் ஓடத் தொடங்கிய பிறகு கொங்குப் பக்கத்து கல்யாண மண்டபங்களின் பார்க்கிங்கே முகம் மாறிவிட்டது. ஹூண்டாய் அதே வருடம் அக்டோபரில் தன் பதிலைச் சொன்னது: 2030 நிதியாண்டுக்குள் 45,000 கோடி ரூபாய் முதலீடு, 26 அறிமுகங்கள், மொத்த விற்பனையில் ஏற்றுமதியை 30 சதவீதம் வரை கொண்டுபோவது.

இதில் ஏற்றுமதி இலக்குதான் தமிழ்நாட்டுக்கு முக்கியம், ஏனென்றால் உள்நாட்டு வண்டிகளில் ஒரு பகுதி இனி வேறு மாநிலத்தில் பிறக்கும். 2025 நவம்பர் 4 அன்று வந்த புது வென்யூ தலேகாவ் ஆலையில் பிறந்த வண்டி. அவினாசி சாலை ஷோரூமுக்கு அது இனி இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வராது, புனேயிலிருந்து வரும். அதுவரை ஹூண்டாய் இந்தியாவின் வருட எண்ணை அப்படியே தமிழ்நாட்டு உற்பத்தி என்று எடுத்துக்கொள்ள முடிந்தது. இனி அது முடியாது. மொத்தம் எட்டு லட்சத்தைத் தாண்டியது என்று ஒரு ஜனவரியில் அறிவிப்பு வரும். அதில் இருங்காட்டுக்கோட்டையின் பங்கு ஏறியதா, நின்றதா, சரிந்ததா என்று தனியாகக் கேட்க வேண்டியிருக்கும். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியது எவ்வளவு, டீலர் யார்டில் நிற்பது எவ்வளவு, டிஎன் எண் வாங்கியது எவ்வளவு என்று கேள்வி நீளும். அந்த எண்ணை வைத்துத்தான் ஆலைக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் திருப்பெரும்புதூர், ஒரகடம் சிறு நிறுவனங்கள் அடுத்த வருடம் எத்தனை பேரை வேலைக்கு எடுப்பது என்று முடிவு செய்யும்.